அலுமாரிக்கு மேலே ஒரு துவக்கு

கேள்வி: யானையும் பன்றியும் வேளாண்மையை அழிக்கிறதென்று என் கணவர் லைசன்ஸ் எடுத்து 12 போர் துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். அறுவடை முடிந்தால் அது வாடியிலிருந்து வீட்டு அலுமாரிக்கு மேலே வந்துவிடும். மகனுக்கு 10 வயது. போன போகம் வெள்ளத்தில் போனதிலிருந்து கணவருக்குக் கடன் யோசனை, தூக்கமில்லை. சில இரவுகளில் குடியும் உண்டு. “துவக்கு இருந்தால் கள்ளன் கிட்டவும் வரமாட்டான்” என்கிறார். எனக்கோ அதைக் கண்டாலே பயம்.
- வாசகி, வெல்லாவெளி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, தங்கச்சி. முதலில் கள்ளன் கதையைப் பார்ப்போம். நடுச்சாமத்தில் எழும்பி, இருட்டில் அலுமாரியைத் தடவி, தோட்டாவைத் தேடிப் போடுவதற்குள் அவன் வேலி பாய்ந்துவிடுவான். சரி, உடனே எடுக்கலாமென்று தோட்டாவைப் போட்டே வைத்தால், மகனும் உடனே எடுப்பான். கதிரையொன்றை இழுத்துப்போட்டால் அலுமாரி உச்சி அவனுக்குக் கைக்கெட்டும்.

யானைக்கும் அது பெரிதாக உதவாது. சன்னம் பட்ட யானை விழாது, வெறிகொண்டு வட்டைக்குள் திரியும். கொன்றாலோ வனஜீவராசிகள் சட்டப்படி குற்றம். யானை வெடியும் மின்வேலியும் அதைவிட மேல்.

எனக்குக் கூடுதல் யோசனை உங்கள் கணவரைப் பற்றித்தான். கடன், தூக்கமின்மை, குடி, கைக்கெட்டும் தூரத்தில் துவக்கு: இந்த நாலும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2014ஆம் ஆண்டு மருத்துவக் கட்டுரை ஒன்று, துவக்கு எட்டுகிறவர்கள் தற்கொலையால் இறக்கும் சாத்தியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்றது. ‘அது அமெரிக்கா’ என்று அவர் தட்டிக்கழித்தால், நம் வயல்காரர் கதையைச் சொல்லுங்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகள் 1995 அளவில் இலங்கையில் நிறுத்தப்பட்டன. அடுத்த 10 வருடத்தில் தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. நஞ்சு குடித்தவர்கள் அப்போதும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பலர் பிழைத்தார்கள். சாகவேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். துவக்கு அந்தக் கொஞ்ச நேரத்தைத் தராது.

ஆகவே இப்போதைக்கு அது வீட்டில் வேண்டாம். மச்சானிடம் கொடுத்து வைக்கவும் வேண்டாம். லைசன்ஸ் இல்லாதவர் கையில் இருந்தால் அவருக்கும் வழக்கு. முறைப்படி எங்கே ஒப்படைக்கலாமென்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்கச் சொல்லுங்கள். அதுவரை, குடிக்காத ஒரு பகற்பொழுதில் அவரையே துவக்கை மடித்துத் திறந்து, குழலின் அடிவாயைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ‘வெறும் துவக்குதான்’ என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். பிறகு துவக்கு ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள். இரண்டு திறப்பும் உங்களிடம்.

பேச்சைத் துவக்கில் தொடங்கினால் சண்டையில் முடியும். கடனில் தொடங்குங்கள், தவணையைத் தள்ளிப்போட வங்கிக்குக் கூடவே போங்கள். ‘இருந்தென்ன’ என்ற மாதிரிக் கதை அவர் வாயில் வந்தால், சாக நினைக்கிறீர்களா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அன்று அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு நீங்களே எடுத்துப் பேசலாம்.