ஒரே உடம்புக்குள் உருமாறும் எச்.ஐ.வி: கேள்வி பதில்

கேள்வி: சார், உள்ளே போவது ஒரு கிருமிதானே? அப்புறம் எப்படிப் பல வகையாகிறது?

பதில்: பெரும்பாலும் ஒரே வைரஸிலிருந்துதான் தொற்று தொடங்குகிறது. ஆனால் அதன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதி அவசரக்குடுக்கை. எழுதியதைத் திரும்பிப் பார்க்காது. 9,700 எழுத்துச் செய்தியை மூன்று நான்கு தடவை எழுதினால் ஒரு பிழையாவது விழும். மருந்து எடுக்காதவர் உடம்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி வைரஸ் பிறக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாறுவதால் நோய் முற்றுகிறதா, முற்றுவதால் மாறுகிறதா?

பதில்: இரண்டும்தான். 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 9 ஆண்களைத் தொற்றின் தொடக்கத்திலிருந்து 6 முதல் 12 ஆண்டுகள் தொடர்ந்தது. வைரஸின் உறைப் பகுதிக்கான மரபுச் செய்தி, தொடங்கிய வடிவத்திலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் விலகிக்கொண்டே போனது. உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பணு ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு பிடிப்பதற்குள் வைரஸ் சட்டையை மாற்றிவிடும். விசேஷம் என்னவென்றால், கடைசிக் கட்டத்தில் அந்த விலகல் மட்டுப்பட்டது. துரத்துகிறவன் களைத்துவிட்டால் ஓடுகிறவன் எதற்கு ஓட வேண்டும்? இது என் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு.

கேள்வி: செல்லுக்குள் நுழையும் வாசலையே மாற்றிக்கொள்ளுமாமே?

பதில்: ஆமாம். வாசல் என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். முதலில் சிசிஆர்5 வாசல். சிலருக்குப் பின்னாளில் சிஎக்ஸ்சிஆர்4. அப்படி மாறியவர்களுக்கு சிடி4 எனும் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை வேகமாகச் சரியும். இந்தியாவில் அதிகம் காணப்படும் சி வகையில் இந்த மாற்றம் குறைவு. அதற்காக சி வகை சாது என்று நினைக்க வேண்டாம். வாசல் மாறாமலே எய்ட்ஸ் வரும்.

கேள்வி: நான் ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.க்கான மருந்துச் சிகிச்சை, எடுக்கிறேன் அண்ணா. நடுவில் இரண்டு மாதம் விட்டுவிட்டேன். வைரஸ் மாறியிருக்குமா?

பதில்: மாறியிருக்கலாம், தம்பி. சோதித்தால்தான் தெரியும். உதாரணத்துக்கு, ஏ.ஆர்.டி.யில் வரும் லேமிவுடின் என்ற மருந்தைப் பாருங்கள். வைரஸின் மரபுச் செய்தியில் ஒரே ஓர் எழுத்து, 'ஏ' இருந்த இடத்தில் 'ஜி' வந்தால் போதும், அந்த மருந்து கிட்டத்தட்ட வீண். சோதனை ரிப்போர்ட்டில் இந்த மாற்றத்தை 'எம்184வி' என்று போட்டிருப்பார்கள். ஒரு வேளை மாத்திரையை மறந்ததற்குப் பயப்பட வேண்டாம். விட்டு விட்டுப் போடுவதுதான் ஆபத்து: மருந்து அரைகுறையாக இருக்கும்போது வைரஸும் பெருகும், மருந்துக்கு அடங்காத வைரஸும் தேறி வரும். ஒழுங்காகப் போட்டு வைரஸ் பெருகவில்லை என்றால் மாறவும் வழியில்லை. ஆனால் ஒருமுறை வந்த மாற்றம் உறங்கும் செல்களில் வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கும். அதனால் ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகும்போது இரண்டு மாதக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள், பழைய சிகிச்சைப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.