உல்ரிகே மேஃபார்த் – கடிதம்

வணக்கம் சார்,

உயரம் தாண்டுதல் பற்றிய உங்கள் குறிப்பில் ஜெர்மனியின் உல்ரிகே மேஃபார்த் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். தேடிப் படித்தேன். 16 வயதில் ஒலிம்பிக் தங்கம், அடுத்தது 28 வயதில். நடுவில் பன்னிரண்டு வருடம் வீணாகப் போயிருக்கிறது. இரண்டாவது தங்கமும் ரஷ்யர்கள் வராததால் கிடைத்தது என்கிறார்களே, உண்மையா? என் மகள் ஒன்பதாம் வகுப்பு. உயரம் தாண்டுதலில் போன வருடம் மாவட்ட அளவில் முதலிடம், இந்த வருடம் நான்காவது. தொடர விடலாமா, படிப்பைப் பார்க்கச் சொல்லலாமா? நல்ல ஸ்பைக் ஷூ எது என்றும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

ரஷ்யர்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு சோவியத் அணி வரவில்லை. அதனால் முந்தைய வருடம் ஹெல்சிங்கி உலகப் போட்டியில் மேஃபார்த்தை வென்ற தமாரா பைகோவாவும் வரவில்லை. சரி, 1980-இல் மேற்கு ஜெர்மனி மாஸ்கோவைப் புறக்கணித்ததே, அப்போது மேஃபார்த் எங்கே தாண்டுவார்? இந்தக் கணக்கையெல்லாம் அரசாங்கங்களிடம் கேளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்கு அடுத்து வந்தவர், மாஸ்கோவில் தங்கம் வென்ற சாரா சிமியோனி. அது போதும்.

பன்னிரண்டு வருடம் வீணாகப் போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

1972 செப்டம்பர் 4, மியூனிக் ஒலிம்பிக். அதுவரை 1.85 மீட்டர்தான் தாண்டியிருந்த பள்ளிக்கூடப் பெண், சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன்னால் 1.92 தாண்டி உலக சாதனையைச் சமன் செய்தார். அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரரான ஆஸ்திரியாவின் இலோனா குசன்பாவருக்கு அன்று வெண்கலம்தான். ஒலிம்பிக் தடகளத்தில் தனிநபர் தங்கம் வென்ற பெண்களில் மேஃபார்த்தைவிட இளையவர் இன்றுவரை இல்லை. மறுநாள் விடிகாலையில் இஸ்ரேல் வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குள் துப்பாக்கிகள் புகுந்தன. அப்புறம் உயரம் தாண்டுதலைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்?

நான்கு வருடம் கழித்து மாண்ட்ரியலில் தகுதிச் சுற்றோடு வெளியேறினார். இருபது வயது. நீங்கள் அவருக்கு அப்பாவாக இருந்திருந்தால் அன்றே ஸ்பைக் ஷூவைப் பரணில் போட்டிருப்பீர்கள்.

தங்கத்துக்கான உயரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மியூனிக்கில் 1.92. மாண்ட்ரியலில் ரோஸ்மாரி ஆக்கர்மான் 1.93. மாஸ்கோவில் சிமியோனி 1.97. லாஸ் ஏஞ்சலிஸில் மேஃபார்த் 2.02. நடுவே 1977-இல் ஆக்கர்மான் பெர்லினில் இரண்டு மீட்டரையே தொட்டுவிட்டார். மியூனிக்கில் தங்கம் தந்த அதே உயரத்தோடு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போயிருந்தால் வெண்கலம்கூடக் கிடைத்திருக்காது. அங்கே வெண்கலமே 1.97. பதினாறு வயதில் தாண்டியதற்கு மேல் பத்து சென்டிமீட்டர் வேண்டியிருந்தது. அதைத்தான் லெவர்குசனில் கெர்ட் ஓசன்பெர்க் என்ற பயிற்சியாளரிடம் வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்தார். 1982-இல் ஏதென்ஸில் 2.02, உலக சாதனை. 1983 ஆகஸ்டில் லண்டனில் அவரும் பைகோவாவும் ஒரே போட்டியில் 2.03. நான்கே நாளில் பைகோவா பீசாவில் 2.04 தாண்டி அதையும் பறித்துக்கொண்டார். இதில் எந்த வருடம் ஐயா வீண்?

என் சித்தப்பா மகள் ஒருத்தி, எனக்கு அக்கா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணல் குழியில் கத்தரிக்கோல் மாதிரி காலை வீசித் தாண்டுவாள். மாவட்டத்தில் முதலிடம் வாங்கினாள். அடுத்த வருடம் உடம்பு வளர்ந்தது, உயரம் குறைந்தது. "போதும்மா, அதான் மெடல் வாங்கியாச்சுல்ல" என்றார் சித்தப்பா. கெட்ட மனிதர் இல்லை, மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அக்கா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்றும் டிவியில் தடகளம் ஓடினால் சேனலை மாற்றச் சொல்வாள்.

அந்த வயதில் ஒரு வருடத்துக்குள் பெண்பிள்ளையின் உடம்பு எவ்வளவு மாறும் என்று உங்கள் மனைவியிடம் கேட்டிருந்தாலே போதும், எனக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை. கால் நீளும், எடை கூடும். போன வருடம் அளந்து வைத்த ஓட்டத்தின் அடிகள் இந்த வருடம் பொருந்தாது. எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். மாவட்டத்தில் நான்காவதாக வந்த குழந்தைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தருவதை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதிலும் அவளுக்கு என்ன ஆசை என்று ஒரு வரி இல்லை.

படிப்பா விளையாட்டா என்பது பட்டிமன்றத் தலைப்பு. அதை விடுங்கள்.

ஷூ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பயிற்சியாளரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பள்ளியில் நுரை மெத்தை இருக்கிறதா, மணல் குழிதானா என்று நேரில் போய்ப் பாருங்கள். மேஃபார்த் தாண்டியது ஃபாஸ்பரி பாணியில். முதுகு கீழே வர விழ வேண்டும். வெறும் மணலில் அதை முயன்றால் கழுத்து போய்விடும். மெத்தை வரும்வரை அவள் கத்தரிக்கோல் பாணியிலேயே தாண்டட்டும்.