நீல ஒளியைத் தேடிய இசாமு அகசாகி: கேள்வியும் பதிலும்

சார், நீல எல்இடி விளக்குக்காக 2014இல் இயற்பியல் நோபல் வாங்கிய மூவரில் அகசாகி பற்றித்தான் குறைவாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். யார் அவர்?

ஜப்பானின் தெற்கே ககோஷிமா மாகாணத்தில் இருக்கும் சிரான் என்ற ஊரில் 1929 ஜனவரி 30இல் பிறந்தவர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1952இல் பட்டம் பெற்றார். முதல் வேலை கோபே கோக்யோ என்ற நிறுவனத்தில், டிவி பிக்சர் ட்யூபின் ஒளிரும் திரை தொடர்பானது. மின்சாரம் ஒளியாக மாறுவதில் அவருக்குப் பிடிப்பு வந்தது அங்கேதான். அப்புறம் நகோயா பல்கலைக்கழகம், 1964இல் முனைவர் பட்டம், அதே வருடம் மட்சுஷிதா நிறுவனத்தின் ஆய்வுக்கூடம்.

சிவப்பு எல்இடி 1962இலேயே வந்துவிட்டது. நீலத்துக்கு மட்டும் ஏன் 30 வருஷம்?

நீல ஒளியின் ஆற்றல் அதிகம். அதைத் தர, ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் அளவு) பெரிதாக உள்ள செமிகண்டக்டர் வேண்டும். காலியம் நைட்ரைடு என்ற செமிகண்டக்டருக்கு அது 3.4 எலக்ட்ரான் வோல்ட். கணக்குப்படி பொருத்தமான பொருள்தான். ஆனால் சிலிக்கானைப் போல உருக்கி, பெரிய படிகமாக இழுத்து எடுக்க முடியாது. அது உருக 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும், கூடவே பயங்கரமான அழுத்தமும் வேண்டும். ஆகவே சபையர் தட்டின் மேல் வாயுக்களை விட்டு, சுமார் 1000 டிகிரியில் மெல்லிய படலமாக வளர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இரண்டின் அணு அடுக்குகளுக்கும் இடையே சுமார் 16 சதவீதம் பொருத்தக்குறை. வளரும் படலம் கரடுமுரடாக, வெடிப்பும் மங்கலுமாக வரும். போதாக்குறைக்கு, எலக்ட்ரான் குறைபட்ட பி-வகை காலியம் நைட்ரைடை யாராலும் செய்ய முடியவில்லை. பி-வகையும், எலக்ட்ரான் மிகுந்த என்-வகையும் சேராமல் நல்ல எல்இடி கிடையாது.

எல்லாரும் துத்தநாக செலினைடு என்ற வேறொரு செமிகண்டக்டர் பக்கம் போனார்களாமே? இவர் மட்டும் ஏன் பிடிவாதமாக இதில் நின்றார்?

துத்தநாக செலினைடை வளர்ப்பது எளிது; காலியம் ஆர்சனைடு தட்டின் மேல் ஓரளவு ஒட்டிப் பொருந்தும். ஆனால் மென்மையான படிகம், விளக்காக எரிய விட்டால் சீக்கிரம் பாழாகும். அகசாகி நேர்மாறாக யோசித்தார். வளர்ப்பதற்கே இவ்வளவு அடம்பிடிக்கும் கடினமான பொருள், வளர்த்துவிட்டால் நீடித்து உழைக்கும் என்பது அவர் கணிப்பு. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

வெறும் நம்பிக்கை மட்டுமல்ல, கண்ணால் கண்ட ஆதாரமும் இருந்தது. மட்சுஷிதாவில் 1978 வாக்கில், மங்கலும் வெடிப்புமாகக் கிடந்த படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றுக்குள் ஆங்காங்கே மிகச் சிறிய, குறையற்ற படிகத் துணுக்குகள் பதிந்திருந்தன. ஒரு துணுக்கு இப்படி வளருமானால் முழுத் தட்டும் வளரும் என்று முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் படிக வளர்ப்பின் அடிப்படைக்கே திரும்பினார். 1981இல் ஜப்பானின் ஒய்சோ நகரில் நடந்த சர்வதேசக் கருத்தரங்கில் தன் காலியம் நைட்ரைடு முடிவுகளை வைத்தபோது அரங்கில் ஒரு சலனமும் இல்லை. ஆள் இல்லாத வெட்டவெளியில் தனியாகப் போவது போல இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதே வருடம், 52 வயதில், நகோயா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார்.

நோபலைப் பகிர்ந்த அமானோ அவருடைய மாணவரா? 1985இல் என்னதான் நடந்தது?

ஆமாம் தம்பி. ஹிரோஷி அமானோ 1982இல் இளநிலை மாணவராக அவருடைய ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். வளர்ப்புக் கருவியின் பெரும்பகுதியை மாணவர்களே கைப்படக் கட்டினார்கள். ஆயிரம் முறைக்கு மேல் வளர்த்துப் பார்த்தும் படலம் மங்கலாகவே வந்தது.

சபையருக்கும் காலியம் நைட்ரைடுக்கும் நடுவே அலுமினியம் நைட்ரைடால் ஒரு மெல்லிய இடைப்படலம் போடும் யோசனை குழுவில் இருந்தது. 1985இல் ஒருநாள் அமானோவின் உலை சரியாகச் சூடேறவில்லை. அதனால் அலுமினியம் நைட்ரைடைக் குறைந்த வெப்பநிலையில் படியவைத்துப் பார்த்தார். அப்புறம் சூட்டைக் கூட்டிக் காலியம் நைட்ரைடு வளர்த்தார். வெளியே எடுத்த தட்டு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. காலியம் வாயுவைத் திறக்க மறந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாராம்! நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான், படலம் வளர்ந்திருக்கிறது, அதுவும் வழவழவென்று வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. புட்டு மாவைப் பிசிறி வைப்பது போல, அந்த இடைப்படலம் மேலே வருவது சீராக அமைய இடம் கொடுத்தது. 1986இல் கட்டுரையாக வந்தது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இடைப்படலத்தை ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில்தான் அந்த உலை கோளாறு செய்தது.

பி-வகைச் சிக்கல் எப்படித் தீர்ந்தது?

அதுவும் உற்றுப் பார்த்ததால்தான். துத்தநாகம் கலந்த காலியம் நைட்ரைடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, எலக்ட்ரான் கற்றை பட்ட இடம் நேரம் ஆக ஆக அதிகமாக ஒளிர்ந்ததை அமானோ கவனித்தார். ஆனால் பி-வகையாக மாறவில்லை. பிறகு துத்தநாகத்துக்குப் பதில் மெக்னீசியம் கலந்து அதேபோல் கற்றையைச் செலுத்தினார்கள். 1989இல் பி-வகை கிடைத்தது. அதைக் கொண்டு பி-என் சந்திப்புள்ள நீல எல்இடியை அந்த வருடமே காட்டினார்கள்.

அப்படியானால் நோபல் வாங்கிய மூன்றாமவரான நகமுராவின் பங்கு என்ன? யூடியூபில் எல்லாம் அவர் பெயர்தான் வருகிறது.

பெரிய பங்கு, குறைத்துச் சொல்லக் கூடாது. மெக்னீசியத்தோடு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு அதைச் செயல்படவிடாமல் தடுக்கிறது என்று விளக்கியது ஷுஜி நகமுரா தரப்புதான். எலக்ட்ரான் கற்றையே வேண்டாம், சூடாக்கினாலே போதும் என்று 1992இல் காட்டினார்கள். தொழிற்சாலைக்கு அதுதான் தேவை. இண்டியம் கலந்து, கண்ணைப் பறிக்கும் நீல விளக்கை 1993இல் தான் வேலை பார்த்த நிச்சியா நிறுவனத்தில் கொண்டுவந்தவரும் அவரே. ஆனால் நல்ல படிகமும் பி-வகையும் முதலில் சாத்தியமானது நகோயாவில். மூவருக்கும் சேர்த்துக் கொடுத்த நோபல் குழுவின் முடிவு சரியானது.

கண்டுபிடிப்பால் வந்த பணம் அகசாகிக்குப் போனதா?

காப்புரிமை வருவாயில் நகோயா பல்கலைக்கழகத்துக்கும் கணிசமான பங்கு போனது. அதைக் கொண்டு 2006இல் அவர் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டிடம் எழும்பியது. அவர் 1992இல் அங்கே ஓய்வு பெற்று, அதே ஊரில் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். நோபல் பரிசு வந்தபோது வயது 85. 2021 ஏப்ரல் 1இல் நகோயாவில் காலமானார்.