விசிலுக்குப் பிறகு 8 நொடி

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் நன்றாக வாலிபால் ஆடுவான். தேவனாம்பட்டினம் பீச்சில் அவன் போடும் சர்வை எடுக்க ஆளே கிடையாது. மஞ்சக்குப்பம் ஸ்டேடியத்தில் போட்டி என்றால் மட்டும் பந்து நெட்டில் போய் விழுகிறது. 'பயந்தாங்கொள்ளி' என்று அவன் அப்பா திட்டுகிறார். விளையாட்டையே விட்டுவிடுகிறேன் என்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், கடலூர்

பதில்: அம்மா, முதலில் அந்தச் சொல் உங்கள் வீட்டில் இனி வேண்டாம். பயப்படாத ஆட்டக்காரர் யாரும் இல்லை.

எவ்வளவு உயரம் பந்தைத் தூக்குவது, எப்போது எம்புவது, மணிக்கட்டை எங்கே மடக்குவது என்று பீச்சில் அவன் யோசிப்பதே இல்லை. பழகிய உடம்பு பார்த்துக்கொள்கிறது. போட்டியில் நடுவர் விசில் அடித்த 8 நொடிக்குள் பந்தை அடித்தாக வேண்டும். வினை அங்கேதான். 'தப்பாகிவிடக் கூடாதே' என்ற பதற்றத்தில், தானாக நடக்கிற வேலைக்குள் மனசு புகுந்து தோளையும் மணிக்கட்டையும் மேய்க்க ஆரம்பிக்கிறது. தினமும் ஏறி இறங்கும் மாடிப்படியில் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்தால் தடுமாறுவோமே, அப்படித்தான்.

கோல்ஃபில் கைதேர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், தங்கள் கைவீச்சையே கவனித்து அடித்தபோது ஆட்டம் கெட்டது. புதிதாகக் கற்றவர்களுக்கோ அதே கவனம் உதவியது. அதனால் ஓரத்தில் நின்று 'பார்த்துப் போடுடா' என்று அவன் அப்பா கத்தினால், தேறிய பையனுக்கு அது கெடுதல்தான்.

1993 விம்பிள்டன் டென்னிஸ் இறுதிப் போட்டி. கடைசி செட்டில் ஸ்டெஃபி கிராஃபை விட 4-1 என்று முன்னால் இருந்த யானா நோவோட்னா, சர்வில் டபுள் ஃபால்ட் செய்தார், அதாவது அடுத்தடுத்து இரண்டு சர்வும் தவறின. அப்புறம் ஆட்டமே கைநழுவிப் போனது. அதே நோவோட்னா 1998-ல் அந்தக் கோப்பையை வாங்கினார். உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

விசில் அடிக்கும் முன்பே எதிர்ப்பக்கத்தில் ஓர் இடத்தை, இரண்டு பேருக்கு நடுவே உள்ள இடைவெளி மாதிரி, அவன் குறித்துக்கொள்ளட்டும். கண்ணும் நினைப்பும் அங்கேயே இருக்கட்டும், கையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தினமும் பயிற்சி முடிந்து களைத்திருக்கும்போது, கூட்டாளிகள் சுற்றி நின்று சத்தம் போட, ஒரே ஒரு சர்வ் போடட்டும். தவறினால் அன்றைக்கு நெட்டைச் சுருட்டுவது அவன் வேலை. நெருக்கடியும் இப்படிப் பழகினால்தான் பழகும்.

தனியாக ஆடும்போதும் சர்வ் போடும் கை வெட்டி இழுத்தால் அது வேறு விஷயம், நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பீச்சில் பந்து ஒழுங்காகப் போகிறது என்கிறீர்கள், அதனால் இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.