வாசகர் கேள்வி: இறுகிப்போன போல்ட்

கேள்வி: எங்கள் ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டாரில், அலுமினிய உறைக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் இறுகிவிட்டது. தலை முறியாமல் கழற்றுவது எப்படி?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தயவுசெய்து முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். உப்புநீர் படும்போது இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம்தான் கரைகிறது. போல்ட்டைச் சுற்றித் தெரியும் வெள்ளைப் பொடி அந்த அரிப்பின் விளைவே, அதுவே மரைகளுக்குள் உப்பி இறுக்கிப் பிடிக்கிறது. துரு தளர்த்தும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்து, தலையில் சுத்தியலால் நேராகச் சில தட்டுகள் தட்டுங்கள். அசையாவிட்டால், எண்ணெயை நன்றாகத் துடைத்து, பெட்ரோல் டேங்கையும் குழாயையும் அப்புறப்படுத்திய பிறகு, சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன் கொண்டு சூடாக்குங்கள். எஃகைவிட அது கூடுதலாக விரிவதால் பிடி தளரும். அசைந்ததும் அவசரப்படாமல், முன்னும் பின்னுமாகத் திருப்பியே வெளியே எடுங்கள். மீண்டும் பூட்டும்போது, கடல் பயன்பாட்டுக்கான ஆன்டி-சீஸ் பசையை (மரைகள் இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) மரைகளில் தடவுங்கள். செம்பு கலந்த பசை மட்டும் வேண்டவே வேண்டாம், அது அலுமினியத்தின் அரிப்பைக் கூட்டிவிடும்.