மாட்டுக்கு மனசு உண்டா? வேலூர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் எங்கள் நிலத்துக்கு யானைகள் வந்து போகின்றன. நம்மைவிடப் பெரிய மூளை இருந்தும் அவை ஏன் நம்மைப் போல் யோசிப்பதில்லை?

பதில்: எடையில், தரைவாழ் விலங்குகளில் யானைதான் முதல். அதன் மூளை நாலரை கிலோவுக்கு மேல் வரும்; நம்முடையது 1.4 கிலோ. ஆப்பிரிக்க யானைக்குச் சுமார் 25,700 கோடி நியூரான்கள் (நரம்பு செல்கள்), நமக்கு 8,600 கோடி. ஆனால் யானையின் நியூரான்களில் 97 சதவீதத்துக்கு மேல் பின்பக்கச் சிறுமூளையில் இருக்கின்றன. துதிக்கையை அவ்வளவு நுணுக்கமாக ஆட்டுவதற்காக இருக்கலாம். யோசனைக்கு முக்கியமான பெருமூளைப் புறணியில் (பெருமூளையின் வெளி அடுக்கில்) யானைக்கு 560 கோடிதான். நமக்கு 1,600 கோடி.

சரி, விஷயம் முடிந்ததா? இல்லை. பைலட் திமிங்கிலத்தில் ஒரு வகைக்குப் புறணியில் நம்மைப் போல் இரு மடங்குக்கு மேல் நியூரான்கள். ஆகவே எண்ணிக்கையை வைத்துப் பெருமை பேச முடியாது. பெரிய வித்தியாசம் மொழி என்பது என் கட்சி. நடக்காததைப் பற்றியும் பேசலாம். தாத்தா கண்டுபிடித்ததைப் பேரன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்காக யானையை மடையன் என்று நினைத்துவிடாதீர்கள். மின்வேலி மேல் மரத்தைத் தள்ளிவிட்டு உள்ளே வரும் யானைகள் உண்டு!

கேள்வி: பொய்கை சந்தையில் கன்றை விற்றோம். தாய்ப்பசு ராத்திரியெல்லாம் கத்துகிறது. அது துக்கமா?

பதில்: தவிப்பு, சந்தேகமே வேண்டாம். பயத்தையும் தாய்ப்பாசத்தையும் இயக்கும் அமிக்டலா, ஹைப்போதாலமஸ் போன்ற பகுதிகள் பசுவுக்கும் இருக்கின்றன. தாய்ப்பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரப்பும் அப்படியே. உணர்வு நிலைக்கு வேண்டிய மூளை அமைப்பு மனிதனுக்கு மட்டும் சொந்தமில்லை என்று 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய விஞ்ஞானிகள் அறிக்கையே வெளியிட்டார்கள். பாலூட்டிகள், பறவைகளோடு ஆக்டோபஸையும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த முறை கன்றைப் பால்குடி மறக்கச் செய்த பிறகு விற்றால், தாய் இவ்வளவு கத்தாது.

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டு நாய் கண்ணாடியைக் கண்டுகொள்வதே இல்லை. 'நான்' என்ற நினைப்பு அதற்கு இல்லையா?

பதில்: கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று விலங்குக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் கண்ணாடிச் சோதனை. அதை 1970-இல் கேலப் என்ற உளவியலாளர் சிம்பன்சிகளிடம் நடத்தினார். 2006-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையின் ஆசிய யானை ஒன்றும் தேறியது. நாய் தேறுவதில்லை, ஆனால் அதற்கு மூக்குதான் கண். தன் சிறுநீரின் வாசனையை மாற்றி வைத்தால் அதிக நேரம் முகர்ந்து பார்க்கிறது. தன் வாசனை எது என்று தெரியாமலா?

கேள்வி: எதிலாவது விலங்கு நம்மை ஜெயித்திருக்கிறதா?

பதில்: ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் ஆயுமு என்ற சிம்பன்சி, திரையில் கண் இமைக்கும் நேரம் தோன்றி மறைந்த எண்களின் இடங்களை வரிசை தப்பாமல் தொட்டது. போட்டியிட்ட கல்லூரி மாணவர்கள் தோற்றார்கள். பின்னால் விடாமல் பயிற்சி எடுத்த மனிதர்கள் அதை எட்டிப் பிடித்தார்கள்.