17 மணி நேர இருட்டும் ஆறு ஜோடி காலுறையும்

கேள்வி: ஸ்காட்லாந்தில் ஜனவரியில் நடக்கும் ஸ்ட்ராத்பஃபர் 24 மணி நேர மலை சைக்கிள் போட்டிக்கு ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஒரு அணியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். நாலு பேருமே நன்றாக ஓட்டுவோம், ஆனால் கோடையில் மட்டும். வானிலை மோசமாக இருந்தால் எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகர், லண்டன்

"இருந்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே சிரித்துவிட்டேன். இன்வர்னஸுக்கு வடமேற்கே, காண்டின் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில், சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை பத்து மணிவரை ஓடும் போட்டி அது. அந்த மாதத்தில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், மறுநாள் எட்டே முக்காலுக்குத்தான் விடியும். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 17 மணி நேரம் இருட்டு. மழை இல்லையென்றால் உறைபனி. இரண்டும் சேர்ந்து வந்தால், அதாவது பகலில் பெய்த மழை ராத்திரி பாறைமேல் கண்ணாடி மாதிரி உறைந்தால், அதுதான் இருப்பதிலேயே மோசம்.

நான் இரண்டு முறை நாலு பேர் அணியில் ஓட்டியிருக்கிறேன். ஓட்டுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒரு சுற்று சுமார் 11 கிலோமீட்டர், எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒருவர் ஓட்ட மூவர் காத்திருப்போம், ஆக ஆளுக்கு மூன்று மணி நேரம் சும்மா இருக்கவேண்டும். குளிர் பிடிப்பது அப்போதுதான். வேர்த்து விறுவிறுத்து வருவீர்கள், பாதை எப்படி இருக்கிறது என்று நாலு வார்த்தை பேசுவீர்கள், டீ நீட்டுவார்கள், ஐந்து நிமிஷம் கழித்து உடை மாற்றலாம் என்று தோன்றும். போச்சு. ஈரத்தோடு உட்கார்ந்தவருக்கு அடுத்த சுற்றுக்கு உடம்பு சூடாகவே ஆகாது. முதலில் உடை, அப்புறம்தான் டீ, அப்புறம்தான் பேச்சு. ஆளுக்கு ஆறு சுற்று வரும் என்று கணக்கு வைத்து ஆறு ஜோடி காலுறை, கையுறை, கம்பளி உள்ளாடை, ஒவ்வொரு செட்டும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில். பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

முதல் வருஷம் ராத்திரி இரண்டு மணி வாக்கில் சுற்றை முடித்து வந்தேன், அடுத்து ஓட்டவேண்டியவரைக் காணோம். ஆசாமி வேனில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நனைந்த துணியோடு நின்றதில் விரல் மரத்து, ஹெல்மெட் கொக்கியைக்கூடக் கழற்ற முடியவில்லை. கடைசியில் அவரே வந்து, எல்கேஜி பிள்ளைக்குக் கழற்றுவதுபோலக் கழற்றிவிட்டார். கோபம் வந்தது, திட்டலாம் என்றால் வாய் சரியாக அசையவில்லை! மறு வருஷம் ஒரு ஏற்பாடு செய்தோம். இப்போதுதான் ஓட்டி முடித்து உடை மாற்றிச் சாப்பிடுகிறவர் எவரோ, அடுத்தவரை எழுப்பிக் கிளப்புவது அவர் வேலை. நன்றாக முழித்துக்கொண்டிருப்பது அவர் ஒருவர்தானே.

சைக்கிளில் முதலில் பிரேக் பேடைக் கவனியுங்கள். சேறும் பொடிமணலும் சேர்ந்து அரம் போட்டமாதிரி அரைத்துவிடும். பிசினில் செய்த சாதாரண ஆர்கானிக் பேட் ஒரே ராத்திரியில் தீர்ந்து, இறக்கத்தில் இரும்போடு இரும்பு உரசி கிறீச்சிடும்போதுதான் உங்களுக்கே தெரியும். உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேட் போடுங்கள், அதிலும் இரண்டு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள். பனி உறைந்தால் ஆணி வைத்த டயர் வேண்டும், முன் சக்கரத்துக்கு மட்டுமாவது. குளிரில் விளக்கின் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பை தண்ணீர்க் குழாயில் குடித்ததும் ஒரு ஊது ஊதி மிச்சத் தண்ணீரை உள்ளே தள்ளுங்கள், இல்லாவிட்டால் குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: அபர்டீனில் படிக்கும் என் மகன் இதே போட்டிக்குப் போகிறானாம். ராத்திரி, மழை, காடு என்றெல்லாம் சொல்கிறான். தடுக்கலாமா?
- ஒரு தாய், ஈரோடு

தடுத்தால் கேட்பானா அம்மா? சுற்று குறுகியது, முன்னும் பின்னும் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், அதனால் காட்டில் தனியாக மாட்டிக்கொள்வான் என்று கவலைப்படாதீர்கள். விழுவான், சிராய்க்கும், அது ஆறிவிடும். உடம்புச் சூடு இறங்குவதுதான் பயப்படவேண்டிய சங்கதி. நடுங்கினால் சூடேற்றிச் சரிசெய்துவிடலாம். பேச்சு குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவன் சூடேறாமலே நடுக்கம் நின்று "எனக்கு ஒன்றுமில்லை" என்று தள்ளாடினாலோ, ஒரு சுற்றுகூட ஓட்டவிடக்கூடாது, உடனே மருத்துவ உதவிக்கு ஆளைக் கூப்பிடவேண்டும். இது அவனுக்கே தெரியாது, கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் போனில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நீ வர லேட்டானால் யாருடா தேடி வருவார்கள்?" பெயர் சொன்னான் என்றால் விட்டுவிடுங்கள், நல்ல அணிதான். முழித்தான் என்றால் விடாதீர்கள்.

அப்புறம், ரசப்பொடி அனுப்புங்கள். நள்ளிரவு தாண்டினால் ஓட்டும்போது தெம்புக்காகப் பிழிந்து சாப்பிடும் அந்த இனிப்பு ஜெல் எதுவும் தொண்டையில் இறங்காது. பிளாஸ்கில் குழையக் குழைய ரசம் சாதம் எடுத்துப் போனோம், பக்கத்துக் கூடார ஸ்காட்லாந்துக்காரர்கூட ஒரு கப் வாங்கிக் குடித்தார்.

கேள்வி: இதற்கெல்லாம் புது கார்பன் சைக்கிள் வேண்டுமா?
- ஒரு வாசகர், கோவை

வேண்டவே வேண்டாம். புது சைக்கிளை அந்தச் சேற்றில் இறக்க மனசு வராது. இருக்கிற சைக்கிளுக்கு ஒரு மட்கார்டு மாட்டுங்கள். முடிந்து வந்ததும் செயினும் பேரிங்கும் மாற்றக் கொஞ்சம் காசு எடுத்து வையுங்கள்.